பேச்சும் பாடமும்: தாய்மொழி கற்பித்தலில் மொழியியலின் பங்கு – ஒரு வரலாற்று நோக்கு

சுட்டெழுத்துக்கள் அ, இ, உ என மூன்று என்பது நன்னூலார் கொள்கை. இவற்றுள் உகரச் சுட்டு இக்காலத்தில் வழக்கிழந்துவிட்டது எனத் தமிழ்நாட்டுப் பாடநூல்களும், அவற்றை அடியொற்றி எழுந்த கைந்நூல்களும் எழுதுகின்றன. யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியர் ஒருவர் இதனை வாசித்து விளக்கிய வகுப்பில் நாம் ஒருமுறை பார்வையாளராக அமர்ந்திருந்தோம். பாடத்தின் நடுவே பின்வரிசை மாணவனொருவன் அருகிலிருந்தவனுடைய பொருளொன்றைப் பறித்து விளையாடினான். ஆசிரியர் பாடத்தை நிறுத்தி, "உது என்ன உன்ரை கையிலை? உங்கை என்ன நடக்குது?" என்று அதட்டினார். பின்னர் உகரச் சுட்டு வழக்கிழந்தமை பற்றிய விளக்கத்தைத் தொடர்ந்தார். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் பேசிய மொழிக்கும் கற்பித்த மொழிக்கும் தொடர்புண்டு என்ற எண்ணம், ஆசிரியர் உட்பட அங்கிருந்த எவருக்கும் எழவில்லை.

இதனை ஓர் ஆசிரியரின் கவனக்குறைவு எனக் கொள்ளுதல் நியாயமன்று. இலக்கணம் என்பது நூலிலுள்ள மொழிக்கு உரியது, வாயிலுள்ள மொழி வெறுங் கொச்சை என்னும் கருத்துநிலை எம்மிடையே நீண்ட வரலாறுடையது. பேச்சுமொழி ஒவ்வொன்றும் விதிகளால் ஆளப்படுவது என்பதை மொழியியல் நிறுவிப் பல தசாப்தங்கள் கழிந்துவிட்டன. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் இதனை இன்று எவரும் மறுப்பதில்லை. எனினும் வகுப்பறையில் பழைய கருத்துநிலை அசையாது நிற்கின்றது. இதற்கான காரணத்தை வரலாற்றில் தேடுவதும், மொழியாசிரியனுக்கு மொழியியல் எதைத் தரவல்லது, எதைத் தரவியலாதது என வரையறுக்க முயல்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணவன் அரிச்சுவடியில் தொடங்கி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை மனனஞ் செய்து, நிகண்டு, நன்னூல் எனப் படியேறினான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் மொழியைக் கற்பிக்க எழுந்ததன்று. மொழி ஏற்கெனவே தெரிந்த ஒருவன் செய்யுளைக் கற்கவும் இயற்றவும் துணைசெய்ய எழுந்தது. அந்நோக்கில் அதனைக் குறைகூற இடமில்லை. அக்கல்வியைப் பெற்றோரின் தொகையோ மிகச் சிறிது. யார் பெறுவர் என்பதைச் சாதியும் உடைமையும் முன்னரே தீர்மானித்திருந்தன. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலிருந்த தூரம், கற்றோர் குழுவின் தனித்துவத்தைப் பேணும் வேலியாகவும் பயன்பட்டது. அத்தூரத்தைக் கடப்பதற்குப் பலருக்கு வழிகாட்டவேண்டிய தேவை நிலமானிய சமூக அமைப்புக்கு இருக்கவில்லை.

தேவை வெளியிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், தம்மைப்போன்ற பாதிரிமாருக்காகப் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழிலக்கணம் எழுதினார். மீனவ மக்களிடம் பேசவேண்டியவருக்கு நன்னூற் சூத்திரம் உதவாது என்பது அவருக்கு அனுபவத்திலே தெரிந்திருந்தது. இரு நூற்றாண்டுகளின் பின் வீரமாமுனிவர் இப்பிரச்சினையை இன்னும் தெளிவாகக் கண்டார். செந்தமிழுக்கு ஓரிலக்கணமும் கொடுந்தமிழுக்கு வேறோரிலக்கணமும் அவர் இலத்தீனில் எழுதினார். பின்னையது 1738 இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. சாதாரண மக்கள் அன்றாடம் வழங்கும் தமிழுக்கும் விதிகள் உண்டு, அவற்றைத் தனியே எடுத்துக் கூறலாம், அவ்வாறு கூறினாற் கற்பவன் பயன்பெறுவான் என்பன அந்நூலின் அடிப்படை எடுகோள்கள். மொழியியல் என்ற பெயர் தோன்றாத காலத்தில் மொழி கற்பித்தலின் தேவை மொழியியலின் வேலையைச் செய்துவிட்டது எனலாம். ஆனால் பேச்சுத் தமிழ் அந்நியருக்காக விவரிக்கப்பட்டது. அதனைப் பேசிய தமிழ்ப் பிள்ளையின் கல்விக்கு அவ்விவரணம் வந்து சேரவில்லை. எமது காலத்தில்கூட, பேச்சுத்தமிழ்ப் பாடநூல் எனக் கேட்டவுடன் வெளிநாட்டவருக்கான நூலே பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும்.

19ஆம் நூற்றாண்டில் அச்சும் மிசனரிக் கல்வியும் இந்நிலையை மாற்றத் தொடங்கின. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் வகுப்புவாரியான பாடநூல்களை வேண்டின. நாவலரின் பாலபாடங்களும் இலக்கணச் சுருக்கமும் அத்தேவையின் விளைவுகள். நாவலரின் பணியைக் குறைத்து மதிப்பிடும் போக்கு முற்போக்காளர் சிலரிடம் உண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. சூத்திரத்தை மனனஞ் செய்யாமலே இலக்கணத்தை அறியலாம் என்பதை உரைநடையில் இலக்கணம் எழுதிக் காட்டியமை கற்பித்தல் வரலாற்றில் ஒரு பாய்ச்சலாகும். எனினும் அவ்விலக்கணத்தின் பொருள் நன்னூலின் பொருளே. எடுத்துரைக்கும் முறை மாறியது. எந்த மொழி எடுத்துரைக்கப்பட்டதோ அது மாறவில்லை. சாதியாசாரத்தைக் கேள்விக்குட்படுத்தாத ஒரு கல்வியியக்கத்திடம், வகுப்பறைக்குள் நுழைய அனுமதிக்கப்படாதவர்களின் பேச்சைக் கவனத்திற்கொள்ளுமாறு நாம் எதிர்பார்க்கவும் இயலாது.

கால்டுவெலின் ஒப்பிலக்கணம் 1856 இல் வெளிவந்தது. அது தமிழின் உறவு, தொன்மை ஆகியவற்றைப் பற்றிய சிந்தனையைக் கிளறியது. தமிழரின் தன்னுணர்வுக்கு ஊட்டமளித்தது. வகுப்பறைக்கு அதனால் விளைந்த மாற்றம் சொற்பமே. மொழியின் பழைமையை ஆராயும் துறை என்ற அளவிலேயே மொழியியல் எமது அறிஞரிடையே நீண்டகாலம் பயின்றது. வேர்ச்சொல் ஆராய்ச்சி இன்றுங்கூட எம்மவர்க்கு அலாதிப் பிரியமான துறையாக இருப்பது இதன் எச்சமே.

இலங்கைத் தமிழ் வகுப்பறையின் சமூகச் சேர்க்கையை மாற்றியது இருபதாம் நூற்றாண்டு. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சமாசனத்துக்காக, அதாவது தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளும் ஏனையோருடன் ஒரே வாங்கில் அமர்வதற்காக, போராட வேண்டியிருந்தது. 1943 இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி ஆரம்பக் கல்வியின் போதனாமொழியாயிற்று. பின்னர் அது படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறி 1960 அளவிற் பல்கலைக்கழகக் கலைத்துறையை எட்டியது. கமக்காரர், கடற்றொழிலாளர், கூலி விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையில் மேல்வகுப்புகளுக்கு வந்தனர். வாங்கில் இடம் கிடைத்தது. அவர்தம் பேச்சுக்கு இடம் கிடைத்ததா என்பது வேறு வினா.

1960களின் முற்பகுதியில் நடைபெற்ற மரபுப் போராட்டத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருத்தமானது. முற்போக்கு எழுத்தாளர் தம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் உழைக்கும் மக்களின் பேச்சை வழங்கியபோது, பண்டிதர் குழாம் அதனை 'இழிசனர் வழக்கு' எனக் கண்டித்தது. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதிய மொழி மீதான அத்தாக்குதலிற் சாதிக் காழ்ப்பு இலக்கண வேடம் பூண்டு வந்தது என்பதை எமது விமர்சகர் அன்றே சுட்டிக்காட்டினர். இவ்விவாதத்துக்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்னரே, 1940 இல், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தமது 'நானாடகம்' என்ற நூலில் யாழ்ப்பாணப் பேச்சை அச்சேற்றியிருந்தார். இலண்டனிற் கல்வெட்டு மொழியை ஆராய்ந்து பட்டம்பெற்ற ஒருவரே இதனைச் செய்தார் என்பது தற்செயலன்று. ஒரு காலத்துப் பேச்சுமொழியின் சுவடுகளைச் சாசனத்திலே தேடிப் பழகிய கண்ணுக்கு, தன் காலத்துப் பேச்சைக் கொச்சை என ஒதுக்குவது கடினமாயிருந்திருக்கும். இலக்கியத்தில் இப்போராட்டம் வெற்றி பெற்றது. இன்று எந்தப் பண்டிதரும் சிறுகதையின் உரையாடலைச் செந்தமிழில் எழுதுமாறு கோருவதில்லை. ஆனால் அவ்வெற்றி இலக்கியத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. அதே முற்போக்கு எழுத்தாளர் பலர் தொழிலால் ஆசிரியர்களாயிருந்தும், தம் கதைகளில் அனுமதித்த வழக்கைத் தம் மாணவரின் கொப்பிகளிற் சிவப்பு மையால் வெட்டினர். கதை கையிலிருந்தபோது இருந்த தெளிவு கொப்பி கையிலிருந்தபோது இல்லாமற் போனமைக்கு, வெட்டாமல் விட்டுவிட்டு வேறென்ன செய்வது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணம்.

மேலைத்தேயத்தில் மொழியியல் கற்பித்தலுக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். ஐக்கிய அமெரிக்கா இரண்டாம் உலக யுத்தத்தில் இறங்கியபோது, அதுவரை அமெரிக்கர் கற்காத பல மொழிகளிற் பேசக்கூடிய படையினர் அதற்குத் தேவைப்பட்டனர். எழுத்தில்லாத செவ்விந்திய மொழிகளை விவரித்துப் பழகிய அமைப்பு மொழியியலாளரிடம் அரசு உதவி நாடியது. 1942 இல் புளூம்பீல்ட் அந்நிய மொழிகளைப் பயில்வதற்கான கையேடொன்றை வெளியிட்டார். 1943 இல் இராணுவத்தின் விசேட பயிற்சித்திட்டம் ஆரம்பமாயிற்று. தாய்மொழியாளர் ஒருவர் பேச, கற்போர் சிறு குழுவாக அமர்ந்து கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வர். மொழியமைப்பைத் தெரிந்தெடுத்துக் கொடுப்பது மொழியியலாளரின் வேலை. மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் சார்ள்ஸ் பிரைஸ் இத்தகைய முறையை ஆங்கிலம் கற்பித்தலிற் கையாண்டார். கற்போனின் மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களிற் பயிற்சியைக் குவிக்கவேண்டும் என்பது அவரது முக்கிய கருத்து. 1950களிலும் 1960களிலும் அமைப்புமுறை ஆங்கில பாடங்கள் பல நாடுகளிற் பரவின. ஏகாதிபத்திய நலன் ஒன்றுக்காகப் பிறந்தமையால் இம்முறை பயனற்றது எனக் கூறுவது விவேகமாகாது. ஆனால் அது எத்தகைய கற்போருக்காக வகுக்கப்பட்டது என்பதை மறத்தலும் ஆகாது. அப்படையினர் தெரிவுசெய்யப்பட்டவர்கள், வேறு வேலையின்றி நாள்முழுதும் பயின்றவர்கள். அம்முறையை நாற்பது பிள்ளைகள் நிறைந்த கிராமத்து வகுப்பறைக்கு இறக்கியபோது எஞ்சியது கோரஸ் பாடும் பயிற்சி மாத்திரமே.

1959 இற் ஸ்கின்னரின் நூலுக்குச் சொம்ஸ்கி எழுதிய மதிப்புரையுடன் இம்முறையின் உளவியல் அடித்தளம் ஆட்டங்கண்டது. இங்கே நாம் வலியுறுத்த விரும்புவது வேறொரு நிகழ்ச்சி. 1966 இல் அமெரிக்க மொழியாசிரியர் மாநாடொன்றிற் பேசிய சொம்ஸ்கி, மொழியியலும் உளவியலும் அடைந்துள்ள கோட்பாட்டு அறிவு மொழி கற்பித்தலுக்கு நேரடியாகப் பயன்படும் என்பதிற் தமக்கு ஐயமுண்டு என்று வெளிப்படையாகக் கூறினார். மாற்றிலக்கண மரங்களைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லக் காத்திருந்தோருக்கு இது ஏமாற்றமளித்தது. எமக்கோ இது ஆரோக்கியமான எச்சரிக்கையாகவே படுகின்றது. ஒரு மொழியியற் கோட்பாட்டிலிருந்து ஒரு கற்பித்தல் முறையை நேர்கோட்டில் இறக்க முடியாது. மொழியியலிடம் ஆசிரியன் கேட்கவேண்டியது முறையை அன்று. தன் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளையின் மொழியைப் பற்றிய அறிவை.

அவ்வறிவுக்கு வழிதிறந்தது 1959 இற் பேர்கூசன் எழுதிய இரட்டை வழக்குப் பற்றிய கட்டுரை. அரபு, நவீன கிரேக்கம், சுவிஸ் ஜேர்மன், ஹெயிட்டி நாட்டுக் கிரியோல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒரே சமூகத்தில் உயர் வழக்கு ஒன்றும் தாழ் வழக்கு ஒன்றும் வெவ்வேறு பணிகளைப் பகிர்ந்து நிலவுவதை அவர் விளக்கினார். உயர் வழக்கு எவருக்கும் தாய்மொழியன்று, அது முறைசார் கல்வியினூடாகவே பெறப்படுவது என்பது அவரது கூற்றுகளுள் எமக்கு முக்கியமானது. மறு ஆண்டிலேயே மு. சண்முகம்பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் இந்நோக்கில் ஆராய்ந்து எழுதினார். ஈழத்தில் தனஞ்செயராசசிங்கம், சுசீந்திரராசா, சண்முகதாஸ் முதலியோர் எமது பேச்சு வழக்குகளை மொழியியல் முறையில் ஆராய்ந்தனர். 1978 இல் ஜேம்ஸ் கெயர், சுசீந்திரராசா, கருணாதிலக ஆகிய மூவரும் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை அடிப்படையாகக்கொண்டு ஓர் அறிமுகநூலை வெளியிட்டனர். அதுவும் தமிழரல்லாதார் கற்பதற்கான நூலே என்பதை வாசகர் கவனித்திருப்பர்.

இவ்வாய்வுகள் தமிழாசிரியனுக்கு எவ்வாறு பயன்படும்? எம் கைக்கு வந்த மாணவர் கட்டுரைகளிலிருந்து சில உதாரணங்களை எடுத்துக்கொள்வோம்.

"நான் பாடசாலை முடிந்து வீட்டை போனேன்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. ஆசிரியர் 'வீட்டை' என்பதன் கீழ்க் கோடிட்டு 'வேற்றுமைப் பிழை' என எழுதியிருந்தார். இன்னொரு கொப்பியில், வேறோர் ஆசிரியர், ஐ உருபின் பின் வல்லினம் மிகும் என்ற விதியை நினைவிற்கொண்டு 'வீட்டைப் போனேன்' எனத் திருத்தியிருந்தார்! யாழ்ப்பாணப் பேச்சில் 'வீட்டை போறன்', 'அப்பா வீட்டை இல்லை' என வரும் 'வீட்டை' இடப்பொருளை உணர்த்துவது. 'வீட்டைக் கட்டினான்' என்பதிலுள்ள இரண்டாம் வேற்றுமைக்கும் அதற்கும் வடிவொற்றுமை அன்றி வேறு தொடர்பில்லை. பிள்ளைக்கு வேற்றுமை தெரியாது என்பது தவறு. அதனிடம் இரண்டு 'வீட்டை' உண்டு. எழுத்து வழக்கு ஒன்றையே ஏற்கின்றது. இதனைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். 'வேற்றுமைப் பிழை' என்ற இரண்டு சொற்களால் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொடுக்க முடியாது.

"மாமா நேற்று வந்தவர்." இது மற்றொரு பிள்ளையின் வாக்கியம். வாக்கியம் முடிவுபெறவில்லை என்பது ஆசிரியரின் குறிப்பு. யாழ்ப்பாணத்தாருக்கு அது முழுமையான வாக்கியம். நான் வந்தனான், நீ வந்தனீ, அவன் வந்தவன், அவள் வந்தவள், நாங்கள் வந்தனாங்கள், நீங்கள் வந்தனீங்கள் என இவ்வமைப்பு மூவிடத்தும் ஒழுங்காகத் திரிபடைகின்றது. நிகழ்ச்சிகளைக் கதையாக அடுக்கிச் சொல்லும்போது 'வந்தான்' என்றும், வந்தமையை ஓர் உண்மையாக நிலைநாட்டும்போது 'வந்தவன்' என்றும் பெரும்பாலும் வேறுபடுத்திப் பேசுவோம். எழுத்து வழக்கில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே, பிள்ளை எழுத்துக்கு மாறும்போது தன்னிடமுள்ள ஒரு நுட்பத்தை இழக்கின்றது. இலக்கண நூலார் வினையாலணையும் பெயர் என்பது இவ்வடிவத்தின் உறவினரே. அப்பகுதி வகுப்பிலே மிகக் கடினமானது என ஆசிரியர்கள் முறையிடுவர். நாள்தோறும் பிள்ளைகளின் வாயிலிருந்து விழும் 'வந்தவனை' விட்டுவிட்டு நூலிலிருந்து ஓர் உதாரணத்தைத் தேடினால் அது கடினமாகத்தான் இருக்கும்.

எழுத்துப் பிழைகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. ளகர ழகர மயக்கம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதன் விளைவு. ஆசிரியரே வேறுபடுத்தி உச்சரிக்காதபோது காதை நம்பி எழுதுமாறு பிள்ளையைக் கண்டிப்பது வீண். அது கண்ணாற் கற்கவேண்டியது.

கிளைமொழிகள் வகுப்பறையிற் சந்திக்கும்போது பிரச்சினை இன்னும் கூர்மையடைகின்றது. 1970களிற் பெருந்தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதன் பின் வடக்கிலிருந்து பல ஆசிரியர்கள் மலையகத்திற் கற்பித்தனர். 'எங்கட அம்மா நேத்து ரொம்ப நேரம் பேசினாங்க' என்று மலையகப் பிள்ளை சொன்னால், தாய் உரையாடினாள் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்தில் பேசுதல் என்றால் ஏசுதல், உரையாடுதல் 'கதைத்தல்'. ஆசிரியர் பிள்ளையின் வீட்டுநிலை பற்றி இரங்கியிருக்கக்கூடும். மறுதலையாக, யாழ்ப்பாண ஆசிரியை 'உங்கடை அம்மா வந்தா, கண்டு கதைச்சனான்' என்பார். அவரது வழக்கில் 'வந்தா' என்பது பெண்பாலுக்குரிய மரியாதை வடிவம். 'வந்தாங்க' என்று கேட்டுப் பழகிய மலையகப் பிள்ளைக்கோ அது 'வந்தாள்' என்ற மரியாதையற்ற வடிவமாகக் காதில் விழுகின்றது. கொழுந்து கிள்ளும் பெண்ணைத் தோட்டத்துரையும் கணக்கப்பிள்ளையும் எவ்வாறு விளித்தனர் என்பதை அறிந்த ஒரு சமூகத்துக்கு இது அற்ப விடயமன்று. இங்கே எவரும் எவரையும் அவமதிக்க எண்ணவில்லை. இரு இலக்கணங்கள் ஒன்றையொன்று அறியாமல் மோதின. ஆசிரியப் பயிற்சியில் ஒரு வாரம் இவ்விலக்கணங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் பல மனக்காயங்கள் தவிர்க்கப்பட்டிருக்கும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து சிலர் அவசரமான ஒரு முடிவுக்கு வருவர். எல்லா வழக்கும் சமமெனின் எழுத்து வழக்கை ஏன் வற்புறுத்த வேண்டும்? இலக்கணம் ஆளும் வர்க்கத்தின் கருவியெனின் அதனைக் கைவிடுவதே முற்போக்கு அன்றோ? இவ்வாதம் எம் நண்பர்களிடமிருந்தே எழுவதாற் சற்று விரிவாக நோக்கவேண்டியுள்ளது.

மொழியை வர்க்கத்தின் மேற்கட்டுமானமாகக் கண்ட மார் என்பாரின் கோட்பாடு சோவியத் நாட்டில் நீண்டகாலம் கோலோச்சி, 1950 இற் ஸ்டாலினின் தலையீட்டால் வீழ்ந்தது. தலையீட்டின் முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால், ஒரு மொழியை அதன் பேசுநர் அனைவரும் பகிர்கின்றனர், அது ஒரு வர்க்கத்தின் உடைமையன்று என்ற கருத்துச் சரியானதே. அதேவேளை, பகிரப்படும் அதே மொழியின் ஒவ்வொரு குறியிலும் வர்க்க நலன்கள் மோதுகின்றன என 1929 இல் வொலோஷினோவ் எழுதியமையும் சரியானதே. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பித்தலுக்குப் பொருத்திக் காட்டியவர் கிராம்சி. சார்டினியாவின் கிளைமொழியில் வளர்ந்து, தூரின் பல்கலைக்கழகத்திற் பார்த்தோலியிடம் மொழியியல் பயின்ற அவர், 1935 இல், சிறைவாழ்வின் இறுதிக் கட்டத்தில், இலக்கணம் பற்றி ஒரு குறிப்பேட்டை எழுதினார். 1923 இன் ஜென்திலே கல்விச் சீர்திருத்தம், இலக்கணத்தை வரட்டு விதியெனக் கருதிப் பாடசாலையில் அதன் இடத்தைக் குறுக்கியது. பார்வைக்கு இது தாராளமானது. கிராம்சி கேட்டது ஒரு நடைமுறைக் கேள்வி: பாடசாலை கற்பிக்காவிட்டால் பொது இத்தாலியனை யார் கற்பர்? வீட்டிலேயே அதனைக் கேட்டு வளரும் உயர்வர்க்கப் பிள்ளைகள் மாத்திரமே. விவசாயியின் பிள்ளை தன் கிளைமொழிக்குள்ளேயே அடைபட்டு நிற்கும்.

எமது நிலைமைக்கு இது அப்படியே பொருந்துகின்றது. கொழும்பிலோ யாழ்ப்பாண நகரிலோ நூல்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து வழக்கை எவரும் கற்பிக்காவிடினும் அது காதுவழியும் கண்வழியும் வந்து சேரும். லயத்துப் பிள்ளைக்கும், கரையோரக் குடிசைப் பிள்ளைக்கும், கிழக்கின் வயற்கிராமத்து முஸ்லிம் பிள்ளைக்கும் பாடசாலையன்றி வேறு வழியில்லை. பரீட்சைத்தாள், விண்ணப்பப் படிவம், நீதிமன்ற அறிவித்தல், தொழிற்சங்கத்தின் துண்டுப்பிரசுரம் யாவும் அவ்வழக்கிலேயே உள்ளன. பேச்சை மதிக்கின்றோம் என்ற பெயரில் அதனை இப்பிள்ளைகளுக்கு மறுத்தால், வேலியை நாமே திரும்ப அடைப்பவராவோம். ஐக்கிய அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சு தர்க்கமுடையது என 1969 இல் லேபோவ் நிறுவியபோது அவர் பாடசாலையின் கடமையை நீக்கவில்லை. பிள்ளையின் தோல்விக்கு அதன் மொழியே காரணம் எனக் கூறித் தப்பும் வழியைத்தான் பாடசாலைக்கு அடைத்தார்.

அவ்வாறாயின் மொழியியலின் எல்லை எங்குள்ளது என்பது தெளிவாகும். எந்த வழக்கும் குறையுடையதன்று என்று அது கூறும்; இரு வழக்கும் எவ்விடத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன என்று காட்டும். எழுத்து வழக்கு எல்லோருக்கும் சேரவேண்டும் என்பதை அது கூறாது. அதனைக் கூறவேண்டியது அரசியல். முதலாவது அறிவில்லாத ஆசிரியன் பிள்ளையை அவமதிக்கின்றான். இரண்டாவது கடப்பாடு இல்லாதவன் பிள்ளையைக் கைவிடுகின்றான். எமது கல்வி வரலாற்றில் முதலாவதே மிகுதி. அண்மைக் காலத்தில் இரண்டாவதும் தலைகாட்டுகின்றது.

மொழியியல் அறிவைப் பாடசாலைக்கு எட்டவைக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1982 இல் வெளிவந்த சண்முகதாஸின் 'தமிழ்மொழி இலக்கண இயல்புகள்', 1999 இல் வெளிவந்த நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' ஆகியன குறிப்பிடத்தக்கவை. பின்னைய நூல் நன்னூலின் தமிழை விடுத்து இக்கால எழுத்துத் தமிழை விவரித்தது. மாணவன் எழுதவேண்டிய மொழிக்கே இலக்கணம் வேண்டும் என்ற எளிய நியாயத்தை அது செயற்படுத்தியது. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்தலிலும் எந்த வழக்கைக் கற்பிப்பது என்ற வினா இன்று தவிர்க்கமுடியாததாகிவிட்டது. 1987 இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 2007 முதல் அரச சேவையிற் புதிதாகச் சேர்வோர் மற்றைய மொழியிலும் தேர்ச்சிபெற வேண்டியவராயினர். எழுத்துத் தமிழை மாத்திரம் பயின்று சித்தியடைந்த சிங்கள உத்தியோகத்தர், கரும பீடத்தின் முன் நிற்கும் மூதாட்டி 'உந்தத் துண்டைத் தாங்கோ தம்பி' எனும்போது விழிப்பார். இது தனியே ஆராயப்படவேண்டியது.

தொடக்கத்திற் குறிப்பிட்ட சுட்டெழுத்துப் பாடத்தைப் பயிற்சி ஆசிரியை ஒருவர் வேறு விதமாக நடத்தியதையும் நாம் பார்த்திருக்கின்றோம். அவர் கரும்பலகையில் மூன்று நிரல்கள் கீறி, இது, உது, அது என்று எழுதி, மிகுதியைப் பிள்ளைகளிடம் விட்டார். இவன், உவன், அவன். இங்கை, உங்கை, அங்கை. இப்பிடி, உப்பிடி, அப்பிடி என நிரல்கள் நிரம்பின. மூன்று சுட்டையும் கூறிய நன்னூலாரின் சூத்திரத்தை அதன் பின்னரே வாசித்தார். ஒரு சிறுவன், "அப்ப அவர் யாழ்ப்பாணத்து ஆளோ?" என்று கேட்டான். பின்னர், சென்னையிலுள்ள உறவினர் ஒருவருக்கு உகரச் சுட்டு இல்லாமற் கடிதம் எழுதுமாறு பணித்தார். முன் வாங்கிலிருந்த சிறுமி எழுந்து, அவருடைய வீட்டிலிருக்கும் பொருளைப் பற்றி எழுதும்போது 'அது' என்று எழுதினால் வேறெங்கோ இருப்பதுபோலாகிவிடும், 'இது' என்றால் தன்னிடம் இருப்பதுபோலாகிவிடும், ஆகவே எதை எழுதுவது எனக் கேட்டாள். வகுப்பு முழுவதும் அதில் மினைக்கெட்டது. 'உங்களிடமுள்ள அந்தப் பொருள்' என்று ஒருவனும் 'நீங்கள் வைத்திருப்பது' என்று இன்னொருத்தியும் கூறினர். விவாதம் முடியுமுன் மணி அடித்துவிட்டது. மேற்பார்வை செய்ய வந்திருந்த அலுவலர், குறித்த பாடப்பகுதி உரிய நேரத்தில் நிறைவுசெய்யப்படவில்லை என்று தம் குறிப்பில் எழுதிச் சென்றார்.